உடையப்பன் சட்டைப்பையிலிருந்த ஹேண்டில்

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஏழெட்டு அம்பாசிடர்கள் வாடகைக்கு நிற்கும். அவற்றில் உடையப்பனின் வண்டியில் மட்டும் பின்கதவுகளைப் பார்த்தால் ஏதோ குறைவதுபோல் இருக்கும். கண்ணாடியை இறக்கச் சுற்றும் ஹேண்டில் இருக்க வேண்டிய இடத்தில், பல் வெட்டிய ஒரு சிறு இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வண்டிக்கு ஹேண்டில் ஒன்றுதான். அது உடையப்பனின் சட்டைப்பையில் இருந்தது. காற்று வேண்டுபவர்கள் அவனிடம் கேட்டு வாங்கித் தண்டில் மாட்டி, சுற்றி, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஹேண்டிலைக் கழற்றி வைப்பது அவன் கண்டுபிடிப்பு அல்ல. பிள்ளைகள் விளையாட்டாகச் சுற்றிச் சுற்றி உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிடும், கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிடும் என்று பல வாடகை வண்டிக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் மற்றவர்கள் அதை முன்பக்கத் தட்டில் போட்டு வைத்தார்கள். வேண்டியவர் கையை நீட்டி எடுத்துக்கொள்வார். உடையப்பன் சட்டைப்பையில் வைத்தான். பேனா செருகும் இடத்தில் அது துருத்திக்கொண்டிருக்கும். ஸ்டாண்டில் அவனுக்கு ‘ஹேண்டில்’ என்றே பெயர். அந்தப் பெயரை அவன் வெறுக்கவில்லை.

அவன் வடமதுரைப் பக்கம் வெங்காயம் போடுகிற குடும்பத்தில் இளைய மகன். கிணற்று மோட்டார் அறையின் சாவி அண்ணனின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். தன் பங்கு நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒவ்வொரு முறையும் அண்ணனிடம் போய் நின்று கேட்க வேண்டும். அண்ணன் உடனே கொடுக்க மாட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலை போட்டுவிட்டுக் கொடுப்பார். உடையப்பன் நிலத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்து வண்டி வாங்கினான். இனி எவனிடமும் எதையும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொண்டவர்களில் பலர், அடுத்தவர் தங்களிடம் கேட்கும் நிலை இருந்தால்தான் அதை நம்புகிறார்கள். உடையப்பனும் அந்த ரகம்.

ஒரு சித்திரை மாதம் பவுல்ராஜ் என்ற பள்ளி ஆசிரியரையும் அவர் மனைவி இன்னாசியம்மாளையும் மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். பவுல்ராஜுக்கு இருதயக் கோளாறு. பின்சீட்டில் மனைவியின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தப் பிடியைச் செத்தக் குடுப்பா. இவுகளுக்கு மூச்சு முட்டுது.”

“புழுதிம்மா. முன்னால லாரி போகுது பாருங்க. லாரி போகட்டும்.”

லாரி போய்விட்டது.

“தம்பி...”

“எம் பக்கத்துக் கண்ணாடி இறங்கித்தானே கெடக்கு? அதுல வார காத்து பின்னாடி வராதா? டிக்கெட்டா கேக்குது காத்து?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

அம்மையநாயக்கனூர் தாண்டியதும் அவள் மூன்றாவது முறை கேட்டாள். “ஐயா, சாமி, உன் கால்ல விழுகுறேன்.”

“அட, இம்புட்டுக்கு எதுக்கும்மா? வாடிப்பட்டியில டீக்கு நிறுத்துவேன்ல, தாரேன்.”

வாடிப்பட்டியில் டீயைக் குடித்து முடித்தபின், முன்சீட்டில் உட்கார்ந்தபடியே தோளுக்கு மேலாக ஹேண்டிலை நீட்டினான். “சுத்திட்டுத் திருப்பிக் குடுத்திரணும். போன வாரம் ஒருத்தி முந்தானையில முடிஞ்சு கொண்டு போகப் பாத்தா.”

பவுல்ராஜ் அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இறந்தார். வழியில் கண்ணாடி திறந்திருந்தாலும் இறந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். இன்னாசியம்மாளும் அதை ஒப்புக்கொண்டாள். ஆனால் முப்பது வருடத் தாம்பத்தியத்தின் கடைசிப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் புருஷன் முகத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது ஓர் ஓட்டுநரின் பிடரி. டாக்டரின் விளக்கத்தால் அதற்கு எதுவும் செய்ய முடியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஸ்டாண்டுக்கு ஏசி வண்டிகள் வந்தன. அம்பாசிடரின் கதவைத் திறந்து அந்த மொட்டைத் தண்டைப் பார்த்தவர்கள் மூடிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். உடையப்பன் காத்திருந்தான். வண்டி நின்ற இடத்திலேயே துருப்பிடித்தது. கடைசியில் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துப் போனான். ஹேண்டிலை மட்டும் உடையப்பன் கொடுக்கவில்லை. அவன் மனைவி பெருமாயி அதை அடுப்படி அலமாரியில் பார்த்துவிட்டு, “இத வச்சு இனி எந்தக் கதவைத் திறக்கப்போற?” என்று கேட்டாள்.

நாகல் நகரில் பூட்டு மொத்த வியாபாரம் செய்த ஆண்டனிராஜ் அப்போது புதிதாக ஒரு கார் வாங்கி, டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். உடையப்பன் வேலைக்குப் போனான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியின் தாயார் அவனை உற்றுப் பார்த்தாள்.

“நீ அந்த ஹேண்டில்காரன்தானே?”

“ஆமாம்மா. நம்ம வண்டியில வந்திருக்கீகளா?”

“மதுரைக்கு வந்தோம்.”

“மதுரைக்கு எம்புட்டோ பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கேன். எந்த அம்மான்னு ஞாபகம் வரலயே” என்று சிரித்தான்.

இன்னாசியம்மாள் மகனிடம் பழையதைச் சொல்லவில்லை. “இவனையே வச்சுக்க. ரோடு தெரிஞ்சவன்” என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் புது வெள்ளைக் காரில் சுற்றுவதற்கு எதுவுமே கிடையாது. கண்ணாடிக்குச் சுவிட்சு. கதவுகளுக்குச் சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு ரிமோட். அதை அமுக்கினால் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ‘குயிக்’ என்று கத்தும். பூட்டியபின் யாராவது கதவைத் திறந்தால், அது உள்ளேயிருந்து என்றாலும், சைரன் ஊரைக் கூட்டும். ஆண்டனிராஜ் வண்டியை நிறுத்தியதும் சாவியை உருவிக்கொண்டு போய்விடுவார். “சாவி உங்கிட்ட இருந்தா ஏசியைப் போட்டுட்டுத் தூங்குவ. எனக்குத் தெரியாதாய்யா உங்க ஜாலம்?” பத்தடி நடந்ததும், திரும்பிப் பார்க்காமல், கை தானாக ரிமோட்டை அமுக்கும். சிலருக்கு மூக்கைச் சொறிவதுபோல அவருக்கு அது பழக்கம்.

ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் அப்படித்தான் உடையப்பனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். உடையப்பன் ஒன்றும் அறியாமல் கதவைத் திறந்தான். சைரன் அலறியது. பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். மற்ற டிரைவர்களுக்கு நாள் முழுக்கச் சிரிக்க விஷயம் கிடைத்தது. “என்னப்பா ஹேண்டிலு, உன் வண்டியை நீயே திருடுறியா?” ஆண்டனிராஜ் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: “இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டுச்சு, அன்னையோட உனக்கு வேலை இல்ல.” 

உடையப்பனுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. வேறு யாரும் அவனை வேலைக்கு எடுக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து வண்டி நின்றதும் முதலாளிக்கு முன்னால் இறங்கிவிடப் பழகிக்கொண்டான்.

இன்னாசியம்மாளுக்கு அந்தக் கார் வேறு வகையில் பிடித்திருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்ததும் சுவிட்சை அமுக்கிக் கண்ணாடியை இறக்குவாள், ஏற்றுவாள், மறுபடி இறக்குவாள். “இந்தா பாரு உடையப்பா. ஒத்த விரலு. யார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல.” அவன் பின்பார்வைக் கண்ணாடியில் அவளைப் பார்ப்பான். ஏசிக் காற்று வீணாகிறது என்று முனகுவான். அவள் இன்னும் கொஞ்சம் இறக்குவாள்.

சில மாதங்களில் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கினால் பின்னால் இருப்பவர்களின் சுவிட்சுகள் செத்துவிடும். அன்று அவன் முகத்தில் வந்த நிம்மதி அம்பாசிடரை விற்றபின் வந்ததில்லை. 

“கண்ணாடி ஓடலயேப்பா?”

“வயரிங் கோளாறா இருக்கும்மா. கரண்டு சாமான் அப்படித்தான்.”

மூன்று நாள் வயரிங் கோளாறு இருந்தது. நாலாம் நாள் முன்சீட்டில் உட்கார்ந்த மருமகள் பிரிஸ்கில்லா அவன் விரல் போகும் இடத்தைப் பார்த்துவிட்டாள். “அத்தை, இவருதான் லாக் பண்ணி விட்டுட்டு வாராரு!” வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். “பழைய புத்தி போகுதா பாரு” என்று ஆண்டனிராஜும் சிரித்தார். இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த கோடையில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கோயில் திருவிழா. ஆண்டனிராஜின் சித்தப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. இன்னாசியம்மாளுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு பாகப்பிரிவினைச் சண்டை உண்டு. “அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். நீ தலையைக் காட்டிட்டு வா, நான் வண்டியிலயே இருக்கேன்” என்றாள்.

தெருவில் நிழலே இல்லை. வண்டி நின்றதும் உடையப்பன் கதவுப் பிடியில் கை வைத்தான்.

“நீ எங்கய்யா இறங்குற? அம்மா தனியா இருக்காக. கூட இரு. அஞ்சு நிமிசத்துல வந்துருவேன்” என்றார் ஆண்டனிராஜ். சாவியை உருவினார். ஏசி நின்றது. வீட்டு வாசலை நெருங்கும்போது ‘குயிக்’ என்று கேட்டது. கதவுகளின் குமிழ்கள் நான்கும் ஒன்றாகக் கீழே இறங்கின. டாஷ்போர்டில், சைரன் தயார் என்று காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது.

உள்ளே கறிச்சோறு. சித்தப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு.

வண்டிக்குள் இருந்த குளிர்ச்சி சீக்கிரமே போய்விட்டது.

“உடையப்பா, கண்ணாடியை இறக்கு.”

“இறங்காதும்மா. சாவி மொதலாளிட்ட இருக்கு.”

“கண்ணாடி இறக்க எதுக்குச் சாவி?”

“இந்த வண்டி அப்படித்தாம்மா. சாவி போட்டாத்தான் சுவிட்சுக்குக் கரண்டு வரும்.”

அவள் தன் சுவிட்சை அமுக்கிப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். பிறகு அவனுடைய பிடரியைப் பார்த்தாள். “அந்தப் பொத்தானை எடுத்து விடு.”

“பொத்தானைத் தொடவே இல்லம்மா. சத்தியமா.”

“வயரிங் கோளாறா?”

அவன் ஹாரனை அழுத்தினான், சாவி இல்லாத வண்டியில் அதுவும் ஊமையாக இருந்தது. கண்ணாடியைத் தட்டினான். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி. தெருவில் போனவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு மாறியது. இன்னாசியம்மாள் தன் பக்கக் கதவை இழுத்தாள். பேத்தி டெய்சி ஒருமுறை ஓடும் வண்டியில் கதவைத் திறந்ததிலிருந்து பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காதபடி மாற்றப்பட்டிருந்தன.

மிச்சம் இருந்தது உடையப்பன் பக்கத்துக் கதவு. அது திறக்கும். திறந்தால் சைரன் கத்தும். சைரன் கத்தினால் வேலை போய்விடும்.

“இப்ப வந்துருவாரும்மா. செத்த நேரம்.”

“முன்னாடியும் இதைத்தான் சொன்ன” என்றாள் அவள். “வாடிப்பட்டியில தாரேன்ன.”

அவன் திரும்பினான். அவளுடைய முகம் சிவந்து, மேலுதட்டில் வியர்வை கோத்து நின்றது. சேலைத் தலைப்பால் வாயை மூடி மூடி எடுத்தாள். அந்த வாய் திறந்து மூடிய விதத்தில், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு பின்சீட்டு அவனுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. ஹேண்டிலை நீட்டிய தன் கைகூட ஞாபகம் வந்தது. கதவுப் பிடியில் கை வைத்தான். சிவப்புப் புள்ளி மின்னியது. கையை எடுத்துவிட்டு வீட்டு வாசலைப் பார்த்தான். யாரோ வெளியே வந்தார்கள், ஆண்டனிராஜ் இல்லை. எச்சில் இலையைப் போட வந்தவன்.

“உன் கால்ல விழ மாட்டேன்டா” என்றாள் இன்னாசியம்மாள். “இந்தத் தடவை விழ மாட்டேன்.”

அவன் மறுபடி வாசலைப் பார்த்தான். இப்படி எத்தனை முறை பார்த்தான் என்பதைப் பின்னால் அவன் யாருக்கும் சொன்னதில்லை. பின்னால் ஏதோ சரியும் சத்தம் கேட்டது. அவளுடைய தலை கண்ணாடியில் மோதி நின்றிருந்தது. அப்போதுதான் கதவைத் திறந்தான்.

சைரன் ஒலிபெருக்கியை மிஞ்சியது. உடையப்பன் பின்கதவின் குமிழைத் தூக்கிவிட்டு, அதை வெளியேயிருந்து திறந்து, அவளைத் தூக்கிச் சுவரோரம் கிடத்தி, துண்டால் விசிறினான். ஆண்டனிராஜ் எச்சில் கையோடு ஓடிவந்தார். 

“யோவ், உங்கிட்ட என்ன சொன்னேன்?” என்று கத்திக்கொண்டே வந்தவர் தாயைப் பார்த்ததும் நின்றார்.

முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தவள் மகனைப் பார்த்துச் சொன்னாள்: “கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பொத்தானை அமுக்கிட்டு இறக்கவே இல்ல. உங்க அப்பாவுக்கும் இவன் இதைத்தான் செஞ்சான்.” 

கூட்டத்துக்கு நடுவில் மதுரைப் பயணம் முழுவதையும், அன்றுதான் முதல்முறையாக, மூச்சு வாங்கச் சொன்னாள்.

ஆண்டனிராஜின் இடது கையில் சாவிக்கொத்து இருந்தது. உடையப்பன் அதையே பார்த்தான். ஆண்டனிராஜும் ஒரு கணம் அதைப் பார்த்தார். 

“மொதலாளி, சாவி உங்க கையில...”

முடிப்பதற்குள் அறை விழுந்தது. சாப்பிட்ட கையால் அறைந்ததில் உடையப்பனின் கன்னத்தில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டன. பிறகு ஆண்டனிராஜ் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஹேண்டில்னு பேரு வாங்குனவன்தானே” என்றார் சித்தப்பா. அந்தப் பெயருக்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. 

கண்ணாடியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கதவைத் திறக்க ஏன் தாமதித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரிமோட்டை அமுக்கியது யார் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். ஆக, செய்யாத குற்றத்துக்கு உடையப்பன் அறை வாங்கினான். செய்த குற்றம் அவனிடமே தங்கிவிட்டது.

அன்று பஸ் ஏறி வீடு வந்தவன் பெருமாயியிடம் நடந்ததைச் சொன்னான். சாவி, சுவிட்சு, சிவப்புப் புள்ளி எல்லாவற்றையும் விளக்கினான். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

“சரி. கதவைத் திறக்க உனக்கு எம்புட்டு நேரம் ஆச்சு?”

உடையப்பன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். அவள் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அலமாரியில் இருந்த ஹேண்டிலை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டாள். அவன் அதைத் தேடவும் இல்லை.

ஆண்டனிராஜ் ஒச்சப்பன் என்ற புது டிரைவரை வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் வண்டி நின்றது. ஆண்டனிராஜ் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைத் திறந்தே வைத்து, பக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். இன்னாசியம்மாள் சுவிட்சை அமுக்கினாள். கண்ணாடி அசையவில்லை.

“என்னப்பா, நீயும் பொத்தானை அமுக்கிட்டியா?”

“இல்லம்மா. சாவி போட்டாத்தான் கண்ணாடி ஓடும். இப்ப நானே இறக்கணும்னாலும் இறங்காது.”

“எப்பவுமேவா?”

“கம்பெனியிலயே அப்படித்தானம்மா செஞ்சு விடுறாக.”

அவள் மகனின் கையைப் பார்த்தாள். சாவிக்கொத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆண்டனிராஜின் பேச்சு பாதியில் நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தது. சுற்றிய சாவி மட்டும் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

உடையப்பனுக்கு ஒரு பிரியாணிக் கடை வாசலில் வேலை கிடைத்தது. கழுத்தில் விசில், கையில் சிவப்புத் துணி. வருகிற கார்களுக்கு இடம் காட்ட வேண்டும். டிரைவர்கள் அவனை “ஏ விசிலு” என்று கூப்பிட்டார்கள். ஹேண்டில் என்ற பேர் அந்த வாசலில் யாருக்கும் தெரியாது.

கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு மதியம் அந்த வெள்ளைக் கார் கடை முன்னால் வந்து நின்றது. ஆண்டனிராஜ் முன்சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் இஞ்சினை அணைக்கவில்லை. உடையப்பனுக்கு வண்டியின் எண் தெரியும். பின்கண்ணாடி அருகே வந்து குனிந்தான். கறுப்புத் தாளில் அவன் முகம்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். உள்ளேயிருந்து இன்னாசியம்மாளுக்கு அவனுடைய நரைத்த மீசை, விசில், உதட்டின் அசைவு எல்லாம் தெரிந்தன.

விரல் மடக்கி மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினான். 

“அம்மா, கண்ணாடியைச் செத்த இறக்குங்கம்மா. ஒரு வார்த்தை.”

சாவி வண்டியில்தான் இருந்தது. சுவிட்சு அவள் விரலுக்கு அடியில் இருந்தது. முன்சீட்டில் ஆண்டனிராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பின்பார்வைக் கண்ணாடி வழியாகத் தாயைப் பார்த்தார்.

“அம்மா...” என்று உடையப்பன் மறுபடி தட்டினான்.

“வெயிலா இருக்கு” என்றாள் இன்னாசியம்மாள் மகனிடம். “வேற கடைக்குப் போகச் சொல்லு.”

வண்டி பின்னால் நகர்ந்தது. உடையப்பன் ஒதுங்கி நின்று, துணியை ஆட்டி, தெருவில் வந்த பஸ்ஸை நிறுத்தி, காருக்கு வழி செய்து கொடுத்தான்.